பட்டும் அறியாத உடல்

1

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசி வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தனிக் கூட்டம் வர ஆரம்பிக்கும். பாறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள், உடைந்த பாட்டில் மேல் கால் வைத்தவர்கள், கையில் இருந்த பழத்தைக் குரங்குக்கு விட்டுக்கொடுக்காமல் கடி வாங்கியவர்கள். ஊர் வேறு, பேச்சு வேறு. ஆனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எதுக்கும் ஒரு டிடி போட்டுருங்க."

இந்த "எதுக்கும்" என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. முதலாவது, நோய் துருவில் இருக்கிறது என்பது. துருப்பிடித்த ஆணி குத்தினால் நாம் பதறுகிறோம். தோட்டத்தில் உடை முள் ஏறினால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இரண்டாவது, குற்றாலத்துக்கே உரியது. மலையிலிருந்து மூலிகைகளைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர் காயத்தை ஆற்றிவிடும் என்பது. "மூலிகைத் தண்ணிதான, ஆறிரும்" என்று சொல்லி ரத்தம் வழியும் காலை அருவியில் நீட்டிக்கொண்டு நிற்பவர்களை ஐந்தருவியில் எந்த ஆடி மாதமும் பார்க்கலாம்.

துருவில் நோய் இல்லை. துரு என்பது ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு, அவ்வளவுதான். அந்த ஆணி வெகுநாள் மண்ணில் கிடந்திருக்கும், குத்தினால் ஆழமாகக் குத்தும். ஆபத்து இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவுவது நல்லதுதான். ஆனால் மூலிகையின் வேரைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர், அந்த வேரைப் பிடித்திருக்கும் மண்ணையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. மலையின் நல்லதை மட்டும் பிரித்து எடுத்துவரத் தண்ணீருக்குத் தெரியாது.

நான் எழுத நினைப்பது ஊசியைப் பற்றி அல்ல. அந்த மண்ணில் இருக்கும் ஓர் உயிரைப் பற்றியும், அது எழுப்புகிற ஒரு பழைய கேள்வியைப் பற்றியும்: கொல்லும் எண்ணமே இல்லாத ஒன்று கொல்கிறது என்றால், அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு?

2

கிரேக்க மொழியில் 'க்ளோஸ்டர்' என்றால் நூல் நூற்கும் கதிர். நுண்நோக்கியில் நடுவே பருத்தும் இரு முனையிலும் ஒடுங்கியும் தெரிந்த சில பாக்டீரியாக்களுக்கு அதிலிருந்து 'க்ளாஸ்ட்ரிடியம்' என்று பெயர் வைத்தார்கள். குட்டிக் கதிர். இந்தக் குடும்பம் ரொம்பப் பெரியது. பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான குணங்கள் இரண்டு. ஒன்று, ஆக்சிஜன் ஆகாது. நாம் மூச்சு விடும் காற்றே அவற்றுக்கு விஷம். இன்னொன்று, காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுருட்டி ஒரு கடினமான உறைக்குள் அடைத்துக்கொண்டு உறங்கத் தெரியும். இந்த உறங்கும் வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் வித்து. சாப்பிடாது, வளராது, பெருகாது. வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாலும் பல வித்துகள் பிழைத்துவிடும். அவற்றை நிச்சயமாகக் கொல்ல, ஆஸ்பத்திரிகளில் அழுத்தக் கலத்துக்குள் 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரமாவது வைக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒன்று க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனி. வித்தாகும்போது ஒரு முனை மட்டும் உருண்டு, மேளக்குச்சி போலத் தெரியும். மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றின் குடலில் இருக்கும். சாணத்தோடு மண்ணுக்கு வரும். உரம் போட்ட வயல், தொழுவம், தெருப் புழுதி, தோட்டம் என எங்கும் கிடக்கும். 1884-இல் ஆர்தர் நிக்கோலையர் என்ற ஜெர்மானியர் தோட்டத்து மண்ணை எடுத்து விலங்குகளின் தோலுக்கு அடியில் வைத்தபோது அவற்றுக்கு இசிவு வந்தது. நோய் மண்ணில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. 1889-இல் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசபுரோ பெர்லினில் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

முக்கியமான விஷயம், இந்தக் கிருமிக்கு நாம் தேவையே இல்லை. அம்மை வைரஸுக்கு மனிதன் வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவவில்லையென்றால் அதற்கு வாழ்வில்லை. டெட்டனி அப்படி இல்லை. அதன் வாழ்க்கை மண்ணும் சாணமும். ஆழமான, காற்றுப் புகாத, திசு செத்துப்போன ஒரு காயத்துக்குள் தற்செயலாக விழுந்தால் மண்ணின் ஆழத்தில் இருப்பதாக எண்ணி விழித்துக்கொள்கிறது. 'எண்ணி' என்று நான் எழுதுவதே தப்பு. அங்கே எண்ணுவதற்கு யாரும் இல்லை. ஆக்சிஜன் குறைந்தது, வித்து முளைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

முளைத்த பாக்டீரியா ஒரு நஞ்சைச் சுரக்கிறது. நமக்குத் தெரிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் அது ஒன்று. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் இரண்டரை நானோகிராம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அந்த நஞ்சு நரம்பின் நுனியில் ஏறி, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. அங்கே அது பிடிப்பது, "போதும், தளர்ந்துகொள்" என்று தசைக்குச் சொல்லும் நரம்புகளை. நாம் கையை மடக்கும்போது ஒரு தசை இறுகினால் எதிர்த்தசை தளர வேண்டும். இந்தத் தளர்வுக்கும் ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளையைச் சுமக்கும் வேதிப்பொருட்கள் வெளியே வராதபடி இந்த நஞ்சு ஒரு புரதத்தைக் கத்தரித்துவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகும். தாடை பூட்டிக்கொள்ளும். முதுகு வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, உடல் வில்லாகும். தனுர்வாதம் என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான்; தனுசு என்றால் வில். சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், போரில் காயம்பட்ட ஒரு சிப்பாய் இப்படி வளைந்து கிடப்பதை 1809-இல் ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்.

இதில் எனக்குத் தாங்கமுடியாத விஷயம் வேறு. நோயாளிக்கு நினைவு தப்பாது. கதவு சாத்தும் சத்தம், விளக்கு வெளிச்சம், ஒரு கை தொடுவது, எதுவும் அடுத்த இசிவைக் கிளப்பிவிடும். அதனால்தான் இருட்டும் அமைதியுமான அறையில் வைக்கிறார்கள். தனக்கு என்ன நடக்கிறது என்பதை அவர் முழுக்க அறிந்துகொண்டே கிடப்பார்.

3

இவ்வளவு கொடுமை செய்யும் ஒன்றைக் கெட்டது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் குடும்பத்தின் மற்றவர்களைப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் பெருங்குடலில் க்ளாஸ்ட்ரிடியா வகுப்பைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் ஏராளமாக இருக்கின்றன. நாம் செரிக்க முடியாத நாரை அவை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இன்னொன்றையும் காட்டினார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் போகாமல் அடக்கிவைக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள் பெருங்குடலில் பெருகுவதற்கு இந்த க்ளாஸ்ட்ரிடியாக்கள் காரணமாக இருக்கின்றன. அதாவது, தண்டுவடத்தில் "போதும்" என்ற சொல்லை அழிக்கும் கிருமியின் சொந்தக்காரர்களே, குடலில் "போதும்" என்று சொல்ல உதவுகிறார்கள்.

அதே குடலில் இன்னொரு உறவு, க்ளாஸ்ட்ரிடியாய்டெஸ் டிஃபிசில். சிலர் குடலில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். கண்டபடி ஆன்டிபயாட்டிக் தின்று மற்ற பாக்டீரியாக்களை அழித்துவிட்டால், காலியான இடத்தில் அது பெருகி, நிற்காத வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கெட்டுப்போன டின் உணவில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் நஞ்சு டெட்டனஸ் நஞ்சைப் போலவே கத்தரிக்கிற நஞ்சுதான். ஆனால் அது வெட்டுவது நரம்பும் தசையும் சேரும் இடத்தில். அதனால் உடல் இறுகாமல் துவண்டுபோகிறது. மூச்சுத் தசைகள் துவண்டால் சாவு. அந்த நஞ்சையே மிகச் சிறிய அளவில் ஊசியில் ஏற்றி மாறுகண்ணைச் சரிசெய்கிறார்கள், நெற்றிச் சுருக்கத்தையும் மறைக்கிறார்கள். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் போதாதபோது, அதைத் தயாரித்துக் கொடுத்ததும் ஒரு க்ளாஸ்ட்ரிடியம்தான்.

ஆக, கெட்ட கிருமி என்று ஒன்று இல்லை. இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. சாணம் வயலில் உரம். தொப்புள்கொடி அறுத்த காயத்தில் அது சாவு.

4

எங்கள் ஆச்சி சிற்றாற்றுப் பாசனத்தில் ஒரு ஊர்க்காரி. கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் வயல்கள் சூழ்ந்த ஊர். அவளுக்குப் பிறந்தவை ஆறு, தங்கியவை நாலு. இரண்டாவதாகப் பிறந்தது ஆண். 1950-களின் கடைசி. ஏழாம் நாள் போய்விட்டது. அவள் அதைப் பற்றிப் பேசியது என் நினைவில் ஒரே ஒரு தடவைதான்.

"நல்லாத்தான் பால் குடிச்சான். அஞ்சாம் நாளு வாய் கெட்டிப்பட்டுப் போச்சு. பால உள்ள விட முடியல. தொட்டா வெறச்சுக்கிடுவான். வில்லு மாதிரி."

"என்ன நோய்னு சொன்னாவ ஆச்சி?"

"ஜன்னின்னாவ. பட்சி தோஷம்னாவ. நான் தீட்டோட வாசல்ல வந்து நின்னேனாம், மேல பறவ போயிருச்சாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மருத்துவச்சியத்தான் எல்லாரும் ஏசுனாவ. கைராசி கெட்டவன்னு. பொறவு அவள நம்ம தெருவுல யாரும் கூப்பிடல," என்றாள்.

எந்த மருத்துவரும் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் பால் குடிக்க முடியாமல் போய், விறைத்து, இழுத்துச் சாவது என்பது பச்சிளங்குழந்தை டெட்டனஸுக்கு உலகச் சுகாதார அமைப்பு தரும் வரையறை. ஆச்சி அந்த வரையறையை வரி தவறாமல் சொன்னாள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்.

அவள் சொன்னதில் மூன்று குற்றவாளிகள் இருக்கிறார்கள்: ஒரு பறவை, ஒரு தாய், ஒரு மருத்துவச்சி. மூவரில் யாரும் கொல்லவில்லை. ஆனால் பறவை பறந்துபோய்விட்டது. பெண்கள் இருவரும்தான் மிச்ச வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். பிரசவம் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் வந்தது. அந்த வேலையைச் செய்வதால் அவர்களும் தீட்டானார்கள். பிள்ளை பெறுகிறவளும் தீட்டு. அதனால் வீட்டின் நல்ல அறை அவளுக்குக் கிடையாது. பின்கட்டு, ஒதுக்கிடம், சில இடங்களில் தொழுவத்தை ஒட்டிய திண்ணை. பழைய துணி, ஏனென்றால் அதைப் பிறகு எறிந்துவிட வேண்டும். கொடியை அறுக்க வீட்டில் கிடந்த ஏதோ ஒரு கத்தி அல்லது அரிவாள். தரையைச் சுத்தமாக்கச் சாணி மெழுகினார்கள். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது.

சுத்தம் என்று நாம் நம்பியது கிருமிக்கு வீடாக இருந்தது. அசுத்தம் என்று ஒதுக்கப்பட்டவளின் கையில்தான் அந்த வீட்டின் அடுத்த தலைமுறை உயிர் இருந்தது. தீட்டு என்ற கணக்கு, எது ஆபத்து என்று கேட்கவே இல்லை. யார் தாழ்ந்தவர் என்று மட்டும் கேட்டது. மேலே இருப்பவர்கள் தொடக்கூடாததை எல்லாம் அசுத்தம் என்று பெயரிட்டுவிட்டு, அதைச் சுகாதாரம் என்று நம்பிக்கொண்டது. "அந்தக் காலத்திலேயே நம்ம ஆளுங்க விஞ்ஞானமாத்தான் யோசிச்சாங்க" என்று சொல்லும்போதெல்லாம், அந்தப் பின்கட்டை ஒருமுறை மனதில் பார்த்துக்கொள்வது நல்லது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் செயின்ட் கில்டா என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் இதே நோயில் செத்தன. 'எட்டு நாள் நோய்' என்றே அதற்குப் பெயர். கடவுளின் சித்தம் என்று தீவுக்காரர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1890-களில் அங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் கிருமிநீக்கப் பிரசவ முறையைக் கற்றுக்கொண்டு வந்து வற்புறுத்திய பிறகுதான் அது நின்றது. அங்கே சாதி இல்லை, பட்சி தோஷம் இல்லை. ஆனால் காரணம் தெரியாத இடத்தில் மனிதன் ஒரு கதையை வைத்துவிடுகிறான் என்பது அங்கேயும் உண்மை. அந்தக் கதையில் குற்றவாளியாக யாரை நிறுத்துகிறோம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

5

தமிழில் காரணம், குற்றம், பொறுப்பு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. பேச்சில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஆச்சியின் குழந்தை விஷயத்தில் காரணம் ஒரு பாக்டீரியா. குற்றம் யார் மேலும் இல்லை. அறிந்து செய்தவர் யாரும் இல்லை.

பொறுப்பு? பொறு என்றால் தாங்கு, சும. பொறுமையும் பொறுத்தலும் அந்த வேரிலிருந்து வந்தவைதான். குற்றம், "இதைச் செய்தது யார்?" என்று பின்னோக்கிக் கேட்கிறது. பொறுப்பு, "இனி இதைச் சுமப்பது யார்?" என்று முன்னோக்கிக் கேட்கிறது. குற்றவாளியைத் தேடுவதில் நமக்கு இருக்கும் வேகம் சுமக்கும் ஆளைத் தேடுவதில் இருப்பதில்லை. காரணம் எளிது. குற்றவாளி வேறு ஆளாக இருப்பார். சுமப்பவர் நாமாக இருக்க நேரிடலாம்.

குற்றவாளியே இல்லாத சாவுகள் நின்றது, யாரோ சிலர் சுமந்ததால்தான். 1988-இல் உலகம் முழுக்க 7,87,000 பச்சிளங்குழந்தைகள் டெட்டனஸில் இறந்ததாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அவற்றில் கணிசமான பங்கு இந்தியாவில். கர்ப்பிணிக்கு ஊசி, சுத்தமான கை, சுத்தமான தரை, புது பிளேடு, சுத்தமான நூல், ஒன்றும் பூசாத தொப்புள். இவ்வளவுதான் மருந்து. இதில் விலை உயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தி நடந்துபோக வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நடையை நடந்தவர்கள் கிராமச் சுகாதார செவிலியர்கள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதிவேட்டில் பெயர் எழுதி, வராதவளை வீட்டில் போய்க் கூப்பிட்டவர்கள். பிரசவம் பின்கட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நகர்ந்தது. 2015 மே மாதம் இந்தியா, தாய்-சேய் டெட்டனஸை நீக்கிய நாடாகச் சான்று பெற்றது. நாகாலாந்து கடைசி மாநிலம். போலியோவுக்கு அடித்த தம்பட்டம் இதற்கு இல்லை. நம்மில் பலருக்கு இந்தத் தேதியே தெரியாது.

இங்கே 'நீக்கம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் அளவு. ஒழிப்பு அல்ல. பெரியம்மையை ஒழிக்க முடிந்தது, ஏனென்றால் அதற்கு மனிதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. டெட்டனஸை ஒழிக்கவே முடியாது. வயலையும் காட்டையும் மாட்டின் குடலையும் கொதிக்க வைக்க முடியாதல்லவா? மண் இருக்கும்வரை இது இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை இது.

6

இந்த நோயில் இன்னொரு விசித்திரம் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் முக்கியமானதாகப் படுகிறது.

தட்டம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி தட்டம்மை பெரும்பாலும் வராது. உடல் பட்டு அறிந்துகொள்கிறது. டெட்டனஸ் வந்து, வாரக்கணக்காக இசிவில் கிடந்து, பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போகிறவருக்கு அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடல் அதை அடையாளம் கண்டு நினைவில் வைப்பதற்குப் போதாது. அவ்வளவு குறைவு. பிழைத்தவருக்கும் தடுப்பூசியை முதலிலிருந்து போட்டாக வேண்டும்.

அனுபவத்தை நாம் 'பட்டறிவு' என்கிறோம். "பட்டால்தான் தெரியும்" என்பதை அறிவுரையாகவும் சாபமாகவும் சொல்கிறோம். துன்பம் ஏதாவது கற்றுக்கொடுத்தே தீரும் என்பது நமது ஆழமான நம்பிக்கை. நாம் வாசிக்கும் நாவல்களில் பாதி அந்த நம்பிக்கையில்தான் நிற்கின்றன. துன்பப்பட்டவர் கடைசியில் எதையோ கண்டடைகிறார். துன்பம் வீண்போகவில்லை என்று வாசகனுக்கு ஒரு நிம்மதி. டெட்டனஸ் அந்த நிம்மதியைத் தருவதில்லை. பட்டாலும் தெரியாது. எவ்வளவு பட்டாலும் உடல் ஒன்றும் அறியாது.

ஆச்சியும் அந்த மருத்துவச்சியும் பட்டார்கள். ஊரும் தலைமுறை தலைமுறையாகப் பட்டது. எத்தனை குழந்தைகள் ஏழாம் நாளில் போயிருக்கும்! அந்தப் பாடு எதுவும் தானாக அறிவாக மாறவில்லை. மாறாக, பட்சி தோஷமாக மாறியது. துன்பம் தானாகக் கற்றுக்கொடுக்கும் என்றால், உலகத்திலேயே மிகுந்த ஞானிகள் மிகுந்த ஏழைகளாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் மேலும் படுவதை நாம் கல்வி என்று சொல்லிச் சும்மா இருந்துவிடலாம். "கஷ்டப்பட்டாத்தான் மனுசன் ஆவான்" என்று சொல்பவர்களில் பலர் கஷ்டத்தை அடுத்தவருக்குப் பரிந்துரைக்கிறவர்களாக இருப்பது தற்செயல் இல்லை.

பிறகு உடல் எப்படி அறிகிறது? 1920-களில் காஸ்டன் ரமோன் என்ற பிரெஞ்சுக்காரர் நஞ்சைச் சூட்டிலும் ஃபார்மலினிலும் வைத்துச் செயலற்றதாக ஆக்கினார். அதன் உருவம் அப்படியே இருக்கும். கத்தரிக்கும் வேலை மட்டும் போய்விட்டிருக்கும். அதுதான் டாக்ஸாய்டு, நாம் 'டிடி' என்று சொல்லும் ஊசியில் இருப்பது. நஞ்சின் சாயலை உடலுக்குக் காட்டுகிறோம். உடல், படாமலேயே, அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. தாய் தன் எதிரணுக்களை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். முதல் சில மாதங்களுக்கு அந்தப் பிள்ளை, தான் பார்த்தேயிராத ஒன்றுக்கு எதிராகத் தாயின் நினைவை வைத்துக்கொண்டு வாழ்கிறது. நான் அறிந்ததில் மிக நல்ல சொத்துரிமை இதுதான்.

பட்டறிவுக்கு மாற்றாக இருப்பது இதுவே: பிறர் பட்டதைப் படாதவருக்கு, வலி இல்லாமல் கொண்டுசேர்ப்பது. அது தானாக நடக்காது. யாராவது உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

7

நண்பன் ஒருவனோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் நியாயமான ஒன்றைக் கேட்டான். "தட்டம்மை ஊசி போடலன்னா நான் அடுத்தவனுக்குப் பரப்புவேன். சரி, வற்புறுத்தலாம். டெட்டனஸ் தொற்றாதே. ஒருத்தரு போட்டுக்கிடலன்னா அவருக்குத்தான் ஆபத்து. எனக்கு அதுல என்ன கடமை இருக்கு?"

அவன் சொன்னதில் அறிவியல் சரி. டெட்டனஸில் மந்தை எதிர்ப்பு என்று ஒன்று இல்லை. ஊரில் 99 பேர் ஊசி போட்டிருந்தாலும் நூறாவது ஆளுக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. கிருமி அவரிடம் வருவது அந்த 99 பேரிடமிருந்து அல்ல, மண்ணிலிருந்து. நம் காலத்துத் தடுப்பூசி நீதி முழுக்கத் தொற்றின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. "நான் உன்னைக் காக்கிறேன், நீ என்னைக் காப்பாய்." அந்தப் பண்டமாற்று இங்கே செல்லாது.

அப்படியானால் கடமை எங்கிருந்து வருகிறது? யார் அந்த நூறாவது ஆள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-இல். அனைவருக்குமான திட்டமாக விரிந்தது 1985-இல். இன்று குழந்தைகளுக்கு ஆறாம் வாரத்திலிருந்து ஊசி உண்டு, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு உண்டு. 1960-இல் பிறந்த ஒரு விவசாயக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குழந்தையாக இருந்தபோது திட்டம் இல்லை. பள்ளியில் போட்டிருக்க வாய்ப்பு குறைவு. பள்ளிக்கே போயிருக்க மாட்டார். ஆண் என்பதால் கர்ப்பகால ஊசியும் இல்லை. வாழ்நாளில் எப்போதாவது அரிவாள் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒரு ஊசி. அந்த ஒற்றை ஊசி, முன்பு எதுவும் போடாதவருக்கு, அன்றைய காயத்தில் பெரிதாக உதவாது. எதிர்ப்புச் சக்தி உருவாக வாரங்கள் ஆகும். நோய் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு அழுக்கான காயம் என்றால் தயார் எதிரணுக்களைத் தனியாக ஏற்ற வேண்டும். பிறகு, மூன்று தவணையையும் முடிக்க வேண்டும். மூன்றாவது தவணை வருவதற்கு ஆறு மாதத்துக்கு மேல். காயம் ஆறிய பிறகு அதற்காகக் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்?

அவர்தான் செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிறார். அவர்தான் தொழு உரத்தைக் கையால் அள்ளிப் போடுகிறார். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி காலில் படுவது அவருக்குத்தான். எனக்கு இந்த ஊசி அவ்வளவு அவசரமாகத் தேவைப்படாமல் இருப்பதற்குக் காரணம், என் பங்கு மண்ணையும் அவரே தொடுவதுதான். தென்காசி சந்தையில் நான் வாங்கும் கத்தரிக்காயில் மண் ஒட்டியிருப்பதுகூட எனக்குப் பிடிப்பதில்லை. கழுவித் துடைத்து அடுக்கியதைத்தான் எடுக்கிறேன்.

ஆகவே நண்பனுக்கு நான் சொன்ன பதில் இது: நோய் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை என்பது சரி. ஆனால் ஆபத்தை நாம் ஆளுக்கு ஆள் கைமாற்றியிருக்கிறோம். வேலையைப் பிரித்தபோதே அதையும் பிரித்துவிட்டோம். அன்றைக்கு அழுக்கை மருத்துவச்சியின் கையில் ஒப்படைத்துவிட்டு அவளையே தீட்டு என்றோம். இன்றைக்குத் தீட்டு என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம், ஒப்படைப்பதை விடவில்லை. வயலும் சாக்கடையும் குப்பைக்கிடங்கும் சிலரது கையில் இருக்கின்றன. அவர்களுடைய காயம் அவர்களுடைய சொந்த விஷயம் என்று சொல்ல, தொற்றாத நோய் ஒன்று நமக்கு வசதியான சாக்காகிவிடக் கூடாது.

அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ எல்லா வேலைக்கும் இப்படிக் கணக்குப் பாத்தா முடிவே இருக்காதேடே" என்றான். உண்மைதான், முடிவு இருக்காது. மண்ணில் இருக்கும் வித்துக்கும் முடிவு இல்லை. முடிவில்லாத கடமை கடமையே இல்லை என்று ஆகிவிடாது. பாத்திரம் தேய்ப்பதற்கும் முடிவில்லை, தேய்க்கிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. மூன்று தவணை, பத்து வருடத்துக்கு ஒருமுறை இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருந்துதான். கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் முன்னால், வயலுக்குப் போகிற அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் "உங்களுக்கு மூணு ஊசியும் போட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். அநேகமாக அவர் சிரிப்பார். "எனக்கெதுக்குய்யா அதெல்லாம், இந்த மண்ணுலதான அறுவது வருசமா கிடக்கேன்" என்பார். அறுபது வருடம் மண்ணில் கிடந்ததால் அவர் உடல் அந்த மண்ணை அறிந்திருக்கும் என்றுதான் அவர் நம்புகிறார், நாமும் நம்ப விரும்புகிறோம். அவருக்கு வண்டி பிடித்துக் கொடுத்து, அன்றைய கூலியையும் கொடுத்து அனுப்பிவைப்பது நம் வேலை.